மஞ்சப்பைக்குள் ஒரு பட்டு

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி பெங்களூரில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மஞ்சப்பை இறங்கும். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வெட்டுத் துணிகள்தான் அதற்குள். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. பையை நான் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை விட்டு ஒரு துண்டை எடுக்க வேண்டும். தடவிக்கொண்டே நிற்கக் கூடாது, எடுத்ததை மாற்றக் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட வேண்டும். பள்ளிக்கூட நாளில் ஏழு மணிக்கு மூன்று தரம் கூப்பிட்டாலும் அசையாத சின்னவன், மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் துணியும் கையுமாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர், அதாவது அழகர்கோயில் பெருமாள், தன் மலையிலிருந்து கிளம்பி, இருபது கிலோமீட்டர் தூரம் மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று மதுரைக்கு வருகிறார். மூன்றுமாவடியில் சனம் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. அன்று ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கல். அங்கே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு தங்கக்குதிரையில் ஏறுகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வைகை ஆற்றில் இறங்குவார் என்பது முன்கூட்டியே முடிவாவதில்லை என்பார்கள். பெட்டிக்குள் பல நிறத்தில் பட்டு இருக்கும். பட்டர் பார்க்காமல் கையை விட்டு எடுப்பார். எது வருகிறதோ அதுதான் அந்த வருசத்துப் பட்டு. பச்சை வந்தால் வயல் செழிக்கும். மஞ்சள் வந்தால் வீட்டுக்கு வீடு நல்ல காரியம் நடக்கும். சிவப்பு வந்தால் நாட்டில் அமைதி குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கலக்கம். வெள்ளையும் ஊதாவும் நடுத்தரம். மதுரை செல்லூரில் நான் வளர்ந்த தெருவில் அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "சாப்பிட்டாச்சா" அல்ல, "என்ன பட்டு?" என்பதுதான்.

ஆரம்பத்தில் பிள்ளைகளிடம் நிறத்தைச் சும்மா வாயால் சொல்லச் சொன்னேன். இரண்டே வருசத்தில் ஆட்டம் செத்துவிட்டது. சமீப காலத்தில் பெரும்பாலும் பச்சைதான் வருகிறது என்று பெரியவள் கண்டுபிடித்துவிட்டாள். எல்லோரும் பச்சை என்று சொன்னால் அப்புறம் என்ன இருக்கிறது? அப்போது என் அம்மாதான் ஃபோனில் சொன்னார்: "ஏத்தா, பட்டரு எப்பிடி எடுக்காக? பாத்தா எடுக்காக? பிள்ளைகளையும் பாக்காம எடுக்கச் சொல்லு." அன்றைக்கே டெய்லர் அக்காவிடம் துண்டுத் துணி வாங்கிவந்தேன். அந்தப் பைக்குள் கையை விடுகிற ஒரு கணத்தில் சின்னவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். விளையாட்டும் பக்தியும் தனித்தனி என்று என்னால் நம்ப முடியாமல் போனது அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. விடிகிறவரை யாரும் ஃபோனைத் தொடக் கூடாது. தல்லாகுளத்தில் அழகர் குதிரை ஏறும்போதே நிறம் தெரிந்துவிடும், விடிவதற்குள் செய்தியிலும் வந்துவிடும். அம்மாச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஃபோன் போடுவதும் கூடாது. செல்லூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ஆற்றங்கரை மைக் சத்தம் கேட்கும். பெங்களூரில் நாங்கள் பார்க்கும் நேரலை நிஜத்துக்குச் சில விநாடி பின்னால்தான் வருகிறது. யூடியூப் என்றால் சில சமயம் அரை நிமிசம்கூடப் பின்தங்கும். ஒரு வருசம் ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டே பார்த்தோம். எங்கள் டிவியில் அழகர் இன்னும் கரையில் நிற்கிறார், ஃபோனுக்குள் அம்மாச்சி "கோவிந்தா!" என்று கத்துகிறார். பிள்ளைகள் அதிர்ந்துபோனார்கள். "அம்மாச்சிக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?" பெரியவள் அன்று சாயங்காலம் முழுக்க செயற்கைக்கோள், சமிக்ஞை என்று அவள் அப்பாவைக் குடைந்தெடுத்தாள். அது வேறு பாடம். அந்த வருசத்திலிருந்து அழகர் ஆற்றில் இறங்கின பிறகே அம்மாச்சிக்கு ஃபோன்.

யார் கையில் இருக்கும் துண்டு அழகர் பட்டோடு பொருந்துகிறதோ அவருக்குப் பரிசு கிடையாது, வேலை உண்டு. மதுரையில் செம்பு நிறையச் சர்க்கரையைப் போட்டு வாழையிலையால் மூடி, மேலே சூடத்தை ஏற்றி அழகருக்குக் காட்டுவார்கள். அந்தச் செம்பை எங்கள் வீட்டில் தூக்கிப் பிடிக்கிறவர் பட்டு பொருந்தியவர். சர்க்கரையை எல்லோர் கையிலும் போடுகிறவரும் அவரே. பொருந்தாதவர்களுக்குப் பால்கனி. ஆற்றங்கரையில் அழகர் வேடம் போட்டவர்கள் தோல்பையில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சுவார்கள் இல்லையா, அதற்கு இங்கே செடிக்குத் தெளிக்கிற பாட்டில். துளசிச் செடிக்கும் பக்கத்து வீட்டு முருங்கைக் கிளைக்கும் அன்றைக்கு நல்ல நீராட்டு. கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா முதல் வருசம் மேலே பார்த்துக் கோபப்பட்டார். போய் விவரம் சொன்னதும், அடுத்த வருசம் அவரே பேரனை மேலே அனுப்பிவைத்தார்.

எதற்காக இவ்வளவும் என்று கேட்பவர்கள் உண்டு. "சாமி நேரலையை அமைதியா உட்கார்ந்து பார்க்கப் பழக்கணும்" என்று எனக்கு நெருங்கிய ஒருவர் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை டிவி முன்னால் நெளிந்தபோதெல்லாம் உட்காரு, பேசாதே, கும்பிட்டுக்கோ, இந்த மூன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சின்ன வயசு நினைவுக்கு வந்தது. செல்லூரில் நான் எந்தச் சித்திரைத் திருவிழாவிலும் உட்கார்ந்ததே இல்லை. தண்ணீர்ப் பந்தலில் பானகத் தம்ளர் கழுவினேன். வருகிறவர்களுக்கு விசிறி கொடுத்தேன். மொட்டை போட்ட தம்பியின் தலையில் சந்தனம் தடவினேன். சர்க்கரைச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழகரை மொத்தமாகப் பார்த்தது ஒரு நிமிசம் இருக்கலாம். மீதி நேரமெல்லாம் ஏதாவது ஒரு வேலை. எந்தக் கோயில் திருவிழாவிலும் குழந்தைக்கென்று ஒரு வேலை இருக்கத்தான் செய்கிறது, பந்தம் பிடிக்கவோ மணி அடிக்கவோ வடத்தின் நுனியைத் தொடவோ. டிவி வந்தபோது தரிசனம் மட்டும் வீட்டுக்குள் வந்தது, வேலை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. கையில் ஒன்றுமில்லாத குழந்தை நெளியாமல் என்ன செய்யும்?

இது புரிந்த புதிதில் நான் செய்த ஒன்று சரியாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, குடை, தீவட்டி, நாதஸ்வரம், குதிரை, சாமரம் என்று எழுதி, டிவியில் எது தெரிகிறதோ அதில் பேனாவால் சுழிக்கச் சொன்னேன். முதலில் முடிப்பவருக்குச் சாக்லேட். பிள்ளைகள் சுறுசுறுப்பாகத்தான் இருந்தார்கள், ஆனால் தலை குனிந்தபடி. தீவட்டி கிடைத்ததும் அடுத்தது சாமரம் எங்கே என்று தேடினார்களே தவிர, தீவட்டி வெளிச்சத்தில் அழகர் முகம் எப்படி இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் சாக்லேட்டுக்குச் சண்டை, அழுகை. பரீட்சைத் தாளை நானே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன் என்று தோன்றியது. அந்தத் தாளோடு பரிசும் போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தாலும் ஒன்றை மட்டும் பார்க்கிறேன். அந்தத் திருவிழாவிலேயே அது இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். நானாகக் கண்டுபிடித்து ஒட்டவைப்பது நிற்பதில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் 2020. ஊரடங்கு. மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது, இணையத்தில் நேரலை. திருமாங்கல்யம் சாத்துகிற நேரத்தில் பெண்கள் அவரவர் வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். நான் கயிறும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதுப் பெரியவள் கேட்டாள்: "கல்யாணத்துக்கு யாருமே வரலையே, மொய் யாரு எழுதுவா?"

அவள் கேட்டது வேடிக்கைக்கு அல்ல. மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் உண்டு, விருந்தும் உண்டு. சேதுபதி பள்ளிக்கூடத்து மைதானத்தில் சனம் வரிசையில் நின்று சாப்பிட்டு, பெண் வீட்டுக்கு எழுதுவது போல மொய் எழுதிவிட்டுப் போகும். நான் அவளைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். உடனே ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, மொய் நோட்டு தயாரானது. அப்பா 51 ரூபாய். அம்மா 51. அம்மாச்சி, ஃபோன் வழியாக, 101. மூன்று வயதுச் சின்னவன் தன் சிவப்புக் காரைக் கொண்டுவந்து நோட்டின் மேல் வைத்தான். "தம்பி, கார் 1" என்று பெரியவள் அதையும் எழுதினாள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், தாரை வார்க்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார்கள் என்று சொன்னேன். அவர்கள் பெயரையும் எழுதிக்கொண்டாள். மாங்கல்யம் ஏறியபோது அட்சதையை டிவி மேலேயே போட்டார்கள். டிவிக்குப் பின்னால் போன அரிசியைப் பொறுக்க இரண்டு நாளாயிற்று.

அந்த நோட்டு இன்றும் இருக்கிறது. வருசத்துக்கு ஒரு பக்கம். சேர்கிற பணத்தை அடுத்த முறை மதுரை போகும்போது கோயில் உண்டியலில் அவர்கள் கையாலேயே போட வேண்டும். சின்னவன் எழுதப் பழகியது பள்ளிக்கூடத்தில்தான், என்றாலும் ரூபாய்க்கு முன்னால் பெயர் எழுதிக் கோடு இழுப்பது அவனுக்கு இந்த நோட்டில் படிந்தது. கோயில் நேரலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்துவிடுவான், யாராவது வந்தால் எழுதிக்கொள்ள. பால் போட வந்த அண்ணன் ஒரு தரம் பத்து ரூபாய் எழுதிவிட்டுப் போனார்.

2021-லும் அழகர் மதுரைக்கு வரவில்லை. அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை போலத் தண்ணீர் அமைத்து அதில் இறங்கினார். என் அம்மா அதை டிவியில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. செல்லூரில் பிறந்து வளர்ந்து, அறுபது வருசமாக அதே கரையில் நின்று பார்த்தவர். பிள்ளைகளோ அதைப் பார்த்துத் துள்ளினார்கள். கோயிலே சின்ன ஆறு செய்யும் என்றால் நாமும் செய்யலாமே! துணி நனைக்கிற டப்பில் தண்ணீர் ஊற்றி, கரைக்கு ரோஜா இதழைத் தூவி, எங்கள் வைகை பால்கனிக்கு வந்தது. வீடியோ அழைப்பில் அதைப் பார்த்து அம்மா சிரித்தார். "தண்ணி போதாதுய்யா, அணையத் தொறந்துவிடச் சொல்லு" என்றார். சின்னவன் ஓடிப்போய் இன்னொரு வாளி கொண்டுவந்தான்.

இனி வர்ணனை. எங்கள் வீட்டுப் பழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதன் வேர் என் தாத்தாவிடம் இருக்கிறது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை ராமாயணத் தொடர் வரத் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. தலை குளித்துவிட்டு வந்து உட்காருவார்கள், சூடம் காட்டுவார்கள். தொடர் இந்தியில். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இந்தி தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. ஆனால் கதை தெரியும். அவர் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லத் தொடங்குவார். அங்கே வசனம் இரண்டு வரி என்றால் இவர் பத்து வரி சொல்வார். குகன் வந்த வாரம் அவர் குரல் உடைந்தது. ஓடக்காரனைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு எப்போதுமே அப்படித்தான். நான் படத்தைப் பார்த்தேனா, தாத்தாவைப் பார்த்தேனா என்று இன்றும் தெரியாது.

அதனால் எங்கள் வீட்டில் எந்த நேரலையிலும் பத்து நிமிசம் சத்தத்தை அணைத்துவிடுவோம். முறை வைத்து ஒருவர் எழுந்து கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, படத்தில் நடப்பதைச் சொல்ல வேண்டும். நடக்காததைச் சொல்லக் கூடாது, தெரியாததை அடித்துவிடக் கூடாது. தெரியவில்லை என்றால் "பக்தகோடிகளே, இது யாரென்று கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எங்களிடம் கேட்கலாம். இந்தப் பத்து நிமிசத்துக்காகப் பிள்ளைகள் முந்தின நாளே விவரம் சேகரிப்பார்கள். சொல்ல வேண்டும் என்றால் பார்த்தாக வேண்டும், பார்த்தால் கேள்வி வரும். குடைக்குக் கீழே ஏன் அவ்வளவு குஞ்சம், குதிரைக்குக் கண்ணை யார் வரைந்தது என்றெல்லாம் கேட்பார்கள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. அப்போது என் அம்மாவுக்கோ மாமியாருக்கோ ஃபோன் போகும்.

மாமியார் திருச்செந்தூர்ப் பக்கம். பிள்ளைகளுக்கு ஆச்சி. அவர் வழியாக வந்தது சூரசம்ஹாரம். கந்தசஷ்டி ஆறாம் நாள் சாயங்காலம் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு முருகன் ஜெயந்திநாதராக வருகிறார். சூரன் முதலில் யானை முகத்தோடு வருவான், அடுத்து சிங்க முகம், அடுத்து சொந்த முகம். கடைசியில் மாமரமாகவும் சேவலாகவும். ஒவ்வொரு தலையாக மாற்றுவார்கள். அந்த இடைவெளி நேரலையில் நீளமாகத் தெரியும், கூட்டத்தையும் கடலையும் காட்டிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களே எழுந்து டீ போடப் போகிற நேரம் அது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் வேலை மும்முரம், ஏனென்றால் இங்கேயும் தலை மாற்ற வேண்டும். அட்டைப்பெட்டியை வெட்டி யானை, சிங்கம், சூரன், மாவிலை ஒட்டின ஒரு மரம், சேவல் என்று ஐந்து முகம் செய்து வைத்திருக்கிறோம். கடற்கரையில் தலை மாறுவதற்குள் இங்கே மாறிவிட வேண்டும். சூரன் சாமியைச் சுற்றுவது போலக் கூடத்தில் முருகன் படத்தைச் சுற்றி வர வேண்டும்.

முதல் வருசம் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள், கீழ்வீட்டுப் பேரன், யாருமே முருகனாக இருக்க ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் சூரன்தான் வேண்டும். எனக்கு உள்ளூரச் சங்கடமாக இருந்தது, அசுரனுக்கா இத்தனை போட்டி என்று. ஆச்சிதான் அன்று அதை எடுத்துவைத்துப் பேசினார். "ஏல, சூரனக் கொறச்சலா நெனச்சிராத. அவந்தானல சேவலாவும் மயிலாவும் சாமிகூடவே நிக்கான். வேற யாருக்குல அந்தக் குடுப்பன கெடச்சிது?" சின்னவன் அட்டைச் சேவலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சூரசம்ஹாரம் சூரன் விழுவதோடு முடிவதில்லை. சேவலை வேலோடு சேர்த்துக் கட்டி, மயில் தோகையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் முடிந்ததாகக் கணக்கு.

சம்ஹாரம் முடிந்த பிறகு கோயிலுக்குள் சாயாபிஷேகம். கண்ணாடியில் விழுகிற சாமியின் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்வார்கள். ஆச்சி இதைச் சொன்ன அன்றே குளியலறைக் கண்ணாடி கழன்றுவிட்டது. முருகன் படத்துக்கு எதிரே அதைச் சாய்த்து வைத்து, ஒரு கரண்டிப் பாலைக் கண்ணாடிமேல் வழியவிட்டார்கள். போர் முடிந்த சாமிக்குச் சூடு தணிய வேண்டும் என்றார் ஆச்சி. சத்தம் போட்டு ஓடிய அத்தனை பிள்ளைகளும் அந்த ஒரு கரண்டிப் பாலுக்கு முன்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். அமைதியாக இருக்கப் பழக்க வேண்டும் என்று சொன்னவர் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

வைகுண்ட ஏகாதசிக்கு நாங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பழையதே போதும். ராத்திரி பரமபதம் விரித்துத் தாயம் உருட்டுவோம், விடியலில் ஸ்ரீரங்கத்துச் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்ப்போம். பெரிய பாம்பு கடித்துக் கீழே வந்த பிள்ளை, கதவு திறக்கும்போது மற்றவர்களைவிட உரக்க "ரங்கா" என்று கூப்பிடும்.

கார்த்திகை தீபத்துக்கு வருகிறேன். அன்றைக்கு மத்தியானமே ஆச்சி கொண்டுவந்த பனையோலைக் குருத்து கூடத்தில் விரிந்திருக்கும். ஓலைக் கொழுக்கட்டை. ஓலைக்குள் மாவை வைத்து இன்னொரு ஓலையால் மூடிக் கட்டுவது பிள்ளைகள் பொறுப்பு. திருவண்ணாமலை நேரலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும், மலையில் தீபம் ஏறுவதோ ஆறு மணிக்கு. அந்த இரண்டு மணி நேரத்தையும் ஓலையும் மாவும் பார்த்துக்கொள்கின்றன. கை ஓலையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது காது டிவியில் இருக்கும். மலை 2,668 அடி. அதன் உச்சிக்கு ஐந்தடிக்கும் மேல் உயரமான கொப்பரையைப் பர்வதராஜ குலத்தார் தோளில் தூக்கிப்போகிறார்கள். நெய் ஏறத்தாழ 3,500 கிலோ என்று ஒரு வருசம் சொன்னார்கள். தீபம் 11 நாள் எரியும். பெரியவள் ஒரு தரம் மாவுக் கையோடு வகுத்துப் பார்த்து, ஒரு நாளைக்கு 318 கிலோ என்றாள். பிறகு எங்கள் அகலுக்கு ஊற்றுகிற கரண்டியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் அர்த்தநாரீசுவரர் வெளியே வருவார். வருசத்தில் அந்த ஓரிரு நிமிசம் மட்டும். ஆடிக்கொண்டு வந்து ஆடிக்கொண்டே உள்ளே போய்விடுவார். அப்போது யாரும் கண்ணைச் சிமிட்டக் கூடாது என்பது வீட்டு விதி. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு எல்லோரும் பார்ப்போம். வாசலில், சன்னலில், துளசி மாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் அகலுக்குப் பக்கத்தில் தயார். டிவி முன்னால் ஒருவர் மட்டும். மலை உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும் அவர் "அண்ணாமலைக்கு அரோகரா" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத்தான் எங்கள் விளக்குகள் ஏறும். குரல் கொடுப்பவர் தன் விளக்கைக் கடைசியில்தான் ஏற்ற முடியும். ஆனாலும் அந்த இடத்துக்குத்தான் போட்டி.

2024-இல் அந்தப் போட்டி இல்லை. டிசம்பர் 1 அன்று, பெருமழையில், அதே மலையின் அடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாள் கழித்து டிசம்பர் 13-இல் தீபம். பக்தர்களை மலையேற விடவில்லை. நேரலையில் மலையைக் காட்டியபோது சின்னவன் கேட்டான்: "அந்தப் பிள்ளைங்க வீடு இதுல எங்கம்மா இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் உள்ளே போய் ஒரு அகலைக் கூடுதலாக எடுத்துவந்து ஏற்றி, மற்ற விளக்குகளிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. காற்று வந்தபோது பெரியவள் போய்க் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியவளுக்கு இப்போது பதின்மூன்று. சில நேரலைகளுக்கு நடுவில் எழுந்து தன் அறைக்குப் போய்விடுகிறாள். நான் கூப்பிடுவதில்லை. கோயிலிலும் அந்த வயதில் நான் தோழிகளோடு வளையல் கடைப் பக்கம் போனவள்தான். சாமி புறப்படுகிற கொட்டுச் சத்தம் கேட்டால் திரும்பி ஓடிவருவேன். அவளும் வருகிறாள்.

2025-இல் எல்லோரும் மதுரைக்கே போய்விட்டோம். மே 12. முந்தின ராத்திரி செல்லூர் வீட்டில் மஞ்சப்பை இறங்கியது. சின்னவனுக்கு வந்தது ஊதா. காலை நாலரைக்கு ஆற்றுக்குக் கிளம்பினோம். அவ்வளவு சனத்தை அவன் பார்த்ததில்லை. கரையில் நாங்கள் நின்ற இடத்திலிருந்து முதுகுகளும் மொட்டைத் தலைகளும்தான் தெரிந்தன. "அம்மா, டிவியில நல்லாத் தெரியும்மா" என்றான், அழுகை முட்டிக்கொண்டு. என் தம்பி அவனைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தான். எட்டு வயதுப் பிள்ளை, கனம்தான், ஆனாலும் தாய்மாமன் தோள். மேலே போனதும் அழுகை நின்றது. தூரத்தில் கூட்டம் "கோவிந்தா" என்று எழும்பியது. எங்களுக்குப் பின்னால், ஆளோடு ஆள் நசுங்கி, கையில் சர்க்கரைச் செம்போடு நின்ற ஒரு கிழவி அவன் காலைத் தட்டினார்.

"ஏய்யா ராசா, எனக்கு ஒண்ணுந் தெரியல. என்ன பட்டுய்யா?"

சின்னவன் திரும்பிக் கீழே பார்த்தான். பைக்குள்ளிருந்த ஊதாத் துணியைச் சுருட்டி வாய்க்கு முன்னால் மைக் மாதிரி பிடித்துக்கொண்டான்.

"பச்சை!" என்றான். கிழவி அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவர் பின்னால் திரும்பிச் சொன்னார், பச்சையாம், பச்சையாம் என்று அந்தச் சொல் கூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அவன் நிறுத்தவில்லை. "பக்தகோடிகளே, இப்ப அழகர் தண்ணிகிட்ட வந்துட்டார். குதிரை நிக்குது. குடை ஆடுது…"